அம்மாவோட கோர்ட் பேப்பர் எங்கே?

உங்க வீட்டு பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்க. ரேஷன் கார்டு இருக்கும். உங்க பத்தாவது மார்க் ஷீட் பிளாஸ்டிக் கவருக்குள்ள பத்திரமா இருக்கும். பட்டா, எல்.ஐ.சி. பாண்டு, கேஸ் புக் எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள்ள இருக்கும். சரி... உங்க குடும்பத்துல யாருக்காவது விவாகரத்து, ஜீவனாம்சம், 'குழந்தை யார்கிட்ட வளரணும்'னு ஒரு வழக்கு நடந்திருந்தா, அந்தத் தீர்ப்போட நகல் அந்தப் பைக்குள்ள இருக்கா?

பல வீடுகள்ல இருக்காது. கேட்டா, "அது வக்கீல்கிட்ட இருக்குப்பா"ன்னு பதில் வரும். எந்த வக்கீல், எந்தக் கோர்ட், எந்த வருஷம்னு அடுத்த கேள்வி கேட்டா, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிடுவாங்க. பேசப் பிடிக்காத விஷயம். யாரும் வற்புறுத்த மாட்டாங்க. அப்படியே வருஷம் ஓடிடும்.

'இதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம், யூத் பக்கத்துல எதுக்கு?'ன்னு கேட்கறீங்களா? நம்ம வீடுகள்ல பேங்க் சலான் எழுதுறது யாரு? இ-சேவை மையத்துல வரிசையில நிக்கிறது யாரு? ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்புறது யாரு? நாமதானே! இந்த ஒரு பேப்பரையும் நாமதான் தேடி எடுக்கணும். காடாம்புலியூர்லேருந்து கிளம்பி எப்படித் தேடுறதுன்னு பார்ப்போம் வாங்க.

ஜெராக்ஸ் வேற, நகல் வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். வக்கீல் ஆபீஸ்ல எடுத்த ஜெராக்ஸும், செல்போன்ல பிடிச்ச போட்டோவும் தகவலுக்கு உதவும், அவ்வளவுதான். கோர்ட்டு, பேங்க், வெளிநாட்டுத் தூதரகம் எல்லாரும் கேட்பது 'சான்றிட்ட நகல்'. நீதிமன்றமே தன் மூலப் பதிவோடு ஒப்பிட்டு, 'உண்மை நகல்' என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவது. பொது ஆவணங்களின் நகலைப் பார்வையிட உரிமை உள்ளவருக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படித் தர வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. 1872-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது 76-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 75-வது பிரிவு.

இன்னொன்று, 'தீர்ப்பு' வேற, 'தீர்ப்பாணை' வேற. நீதிபதி ஏன் இந்த முடிவுக்கு வந்தார் என்று காரணங்களோடு பக்கம் பக்கமாக எழுதுவது தீர்ப்பு. முடிவை மட்டும் சுருக்கமாகச் சொல்வது தீர்ப்பாணை. கோர்ட் வட்டாரத்தில் 'டிக்ரி' என்பார்கள். (நாம வாங்கப்போற டிகிரி இல்லை பாஸ்!) மனு போடும்போது இரண்டையும் கேட்டு வாங்கிடுங்க.

எந்தக் கோர்ட்டுன்னே தெரியலையே?

இங்கதான் நிறைய பேர் சோர்ந்து போறாங்க. 'காடாம்புலியூர்காரங்க கேஸ்னா கடலூர்லதானே இருக்கும்?' என்று நினைக்கிறோம். அப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி விவாகரத்து மனுவைப் பல இடங்களில் போடலாம். கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். இவை தவிர, மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இந்தக் கடைசி வசதி 2003-ல் வந்த திருத்தம். அதனால் ஒரு காகிதத்தில் இந்த ஊர்களை எழுதிக்கிட்டா, தேட வேண்டிய கோர்ட் லிஸ்ட் கிடைச்சிடும். கல்யாணம் விருத்தாசலத்தில், குடித்தனம் நெய்வேலி டவுன்ஷிப்பில், அம்மா வீடு காடாம்புலியூரில் என்றால் மூன்று ஊரையும் பார்க்கணும்.

அடுத்து, எந்த வகை வழக்கு? குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-ல். ஒரு பகுதிக்குக் குடும்ப நல நீதிமன்றம் அமைந்துவிட்டால், அந்தப் பகுதியின் விவாகரத்து, குழந்தை வளர்ப்பு, ஜீவனாம்ச வழக்குகள் அதற்குப் போய்விடும். நிலுவையில் இருப்பவையும் மாற்றப்படும். அதற்கு முன் நடந்தவை? இந்து திருமண வழக்கென்றால் சார்பு நீதிமன்றம் அல்லது மாவட்ட நீதிமன்றம். ஜீவனாம்ச வழக்கென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி வாங்கிய உத்தரவு என்றால் அதையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் முதலில் தேடணும். ஒரே தம்பதியின் மூன்று வழக்குகள் மூன்று கோர்ட்டில் கிடக்கலாம். இப்போது கடலூரில் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. பண்ருட்டியிலும் நெய்வேலியிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. எது எங்கே நடந்தது என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்க.

ரொம்பப் பழைய பேப்பரில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று இருந்தால் திகைக்காதீங்க. 1993-ல் அந்த மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டத்தின் பெயரைவிட, 'எந்த ஊர் கோர்ட்' என்பதுதான் முக்கியம்.

16 எழுத்து ஹால் டிக்கெட்

இனி கொஞ்சம் செல்போன் வேலை. 'இ-கோர்ட்ஸ்' என்ற அரசு இணையதளமும் அதே பெயரில் மொபைல் ஆப்பும் இருக்கு. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, வழக்கு எண் மூலமாகவோ, கட்சிக்காரர் பெயர் மூலமாகவோ, வக்கீல் பெயர் மூலமாகவோ தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 'சி.என்.ஆர்.' என்று 16 இலக்க அடையாளம் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். நம்ம ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி. அது கிடைச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது.

பெயரில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க! 'டி'யில் ஆரம்பிக்கலாம், 'டி.ஹெச்.'சில் ஆரம்பிக்கலாம். இனிஷியல் முன்னாடி வரலாம், பின்னாடி வரலாம். ஒரு முறை 'பதிவு இல்லை' என்று வந்தால் விட்டுடாதீங்க. எழுத்துக்களை மாற்றிப் போட்டுத் தேடுங்க. அப்பா பெயரிலும் தேடுங்க. வழக்கு போட்டவர் மனுதாரர், மற்றவர் எதிர்மனுதாரர். அம்மா எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு அவங்களுக்கே மறந்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய வழக்குகள் இணையத்தில் இல்லாமல் போகலாம். அப்போ வீட்டிலேயே துப்பறியணும். கோர்ட்டிலிருந்து வந்த பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், பதிவுத்தபால் உறை, ஏதாவது ஒன்றின் மூலையில் வழக்கு எண் இருக்கும். 'ஹெச்.எம்.ஓ.பி.' என்றிருந்தால் இந்து திருமண மனு. 'எம்.சி.' என்றிருந்தால் ஜீவனாம்ச வழக்கு. அதை அடுத்து ஒரு எண், ஒரு சாய்கோடு, வருஷம். இந்த மூன்றும்தான் சாவி. அதுவும் இல்லை என்றால், சம்பந்தப்பட்ட கோர்ட்டில் பதிவேட்டைத் தேடிப் பார்க்க மனு கொடுக்கணும். அப்போ வருஷம் உத்தேசமாகவாவது தெரிஞ்சிருக்கணும். "தம்பி பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சு"ன்னு அம்மா சொல்றதுகூட நல்ல க்ளூதான்.

மனு போடலாம் வாங்க

வழக்கு எண் கையில் வந்தாச்சு. இனி அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவு. 'காப்பியிங் செக்‌ஷன் எங்கே?'ன்னு கேட்டா காட்டுவாங்க.

* நகல் மனுவில் வழக்கு எண், வருஷம், இரு தரப்பினர் பெயர், தீர்ப்பு தேதி, என்னென்ன நகல் வேண்டும் என்பதை எழுதணும். கையெழுத்து வழக்கில் கட்சிக்காரராக இருப்பவருடையது. அதாவது அம்மாவோடது.

* மனுவுக்கு ஒரு எண் தருவாங்க. அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. இனிமே எதைக் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கேட்பாங்க.

* கோப்பு பதிவறையிலிருந்து வந்து, எத்தனை பக்கம் என்று எண்ணிய பிறகு, கட்ட வேண்டிய கட்டணத்தை அறிவிப்பாங்க. குறித்த நாளுக்குள் கட்டணும். கட்டலைன்னா மனு தள்ளுபடி ஆகி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதனால அறிவிப்புப் பலகையில ஒரு கண் இருக்கட்டும்.

* நகல் கைக்கு வந்ததும் அதில் இருக்கும் தேதிகளைப் பாருங்க. மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் இருக்கும்.

இந்தத் தேதிகளுக்கு ஒரு வேலை இருக்கு. தீர்ப்பு பிடிக்கலைன்னா உயர்நீதிமன்றம் போகலாம். அதற்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-வது பிரிவு 30 நாள் கெடு வைக்கிறது. நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்கிறது 1963-ம் ஆண்டின் காலவரைச் சட்டம். ஆனா மனு போடாம வீட்ல உட்கார்ந்திருந்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுடணும்னு வக்கீல்கள் சொல்றது இதனாலதான்.

காசு கேட்காமல் தர வேண்டிய நகல்கள்

இதை மட்டும் கட்டம் கட்டி வெச்சுக்கோங்க ஃப்ரெண்ட்ஸ்.

ஒன்று: இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து வழங்கினால், தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும். பிரிவு 23, உட்பிரிவு 4.

இரண்டு: ஜீவனாம்ச உத்தரவின் நகலை, யாருக்குச் சாதகமாக உத்தரவு வந்ததோ அவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 128. இப்போதைய பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 147.

மூன்று: குடும்ப வன்முறைச் சட்டப்படி போடும் உத்தரவின் நகல், இரு தரப்புக்கும் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்கும் இலவசம். பிரிவு 24.

இப்படி மூன்று சட்டங்கள் சொல்லியும் ஏன் பல பேர் கையில் பேப்பர் இல்லை? கேட்டு வாங்கணும்னு தெரியாததுதான் முக்கியமான காரணம். தீர்ப்பு நாளன்னிக்குக் கோர்ட் வராந்தாவுல அழுதுகிட்டு நிக்கிற ஒரு பொண்ணுக்கு, 'காப்பி கொடுங்க'ன்னு கேட்கத் தோணுமா?

நமக்குத் தெரிஞ்ச அரியர் வேற!

இன்ஜினீயரிங் பசங்களுக்கு 'அரியர்'னா வயித்துல புளி கரையும். ஜீவனாம்சத்திலும் அரியர் இருக்கு. அது இன்னும் கொடுமை.

என்கூடப் படிக்கிற ஒருத்தனோட அம்மா முந்திரி உடைக்கிற வேலைக்குப் போறவங்க. அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அம்மாவுக்கும் அவனுக்கும் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் அடிச்சப்போ, இந்தப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாமரமும் சாய்ஞ்சது எல்லாருக்கும் தெரியும். அவங்க வீட்டுக் கூரையும் போச்சு, டிரங்குப் பெட்டியும் நனைஞ்சது. உத்தரவு கூழாயிடுச்சு. அப்பா கொஞ்ச வருஷம் பணம் அனுப்பினார், அப்புறம் நிறுத்திட்டார். பேப்பர் இல்லாம எங்க போய்க் கேட்கறதுன்னு அந்த அம்மா மூணு வருஷம் சும்மா இருந்துட்டாங்க.

சும்மா இருந்ததுக்கு விலை என்ன தெரியுமா? ஜீவனாம்ச பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அந்தத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். மாதா மாதம் ஒரு மாதத் தொகை அந்தக் கெடுவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நம்ம அரியரையாவது அடுத்த செமஸ்டர்ல எழுதலாம். இதுல அந்தச் சான்ஸும் கஷ்டம். 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், ஓராண்டு கெடு அந்த வசூல் முறைக்குத்தான், பணம் பெறும் உரிமையே அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறுதலான விஷயம்தான். ஆனாலும் மீதிக்கு வேறு வழியில் போராடணும். அதற்கு நாளும் ஆகும், கூலியும் போகும்.

என் ஃப்ரெண்டும் அவன் அம்மாவும் ரெண்டு நாள் வேலையை விட்டுட்டுப் போய், பழைய சம்மன்ல இருந்த எண்ணை வெச்சு நகல் வாங்கிட்டாங்க. கடைசி ஓராண்டு பாக்கிக்கு மனு போட்டிருக்காங்க. அவங்க அப்பா இப்போ இருப்பது திருப்பூரில். அதனால் என்ன? அவர் எந்த ஊரில் இருக்காரோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே இந்த உத்தரவைச் செயல்படுத்தலாம் என்று அதே 147-வது பிரிவு சொல்கிறது. நகலைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், புது வழக்கு தேவையில்லை. இன்னும் பணம் வரலை. ஆனா கேட்கிற இடம் எதுன்னு இப்போ தெரியும்.

யார் கேட்டாலும் கொடுப்பாங்களா?

மாட்டாங்க. அமெரிக்காவில் பல கவுண்டிகளில், அதாவது நம்ம மாவட்டம் போன்ற பிரிவுகளில், விவாகரத்துக் கோப்புகளை நீதிபதி மூடி வைக்கச் சொன்னால் தவிர யாரும் கேட்டுப் பார்க்கலாம். இங்கே வழி வேறு. ஒரு தரப்பு விரும்பினாலே குடும்ப நல நீதிமன்றம் மூடிய அறையில் விசாரிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவு, இந்த வழக்கு விவரங்களை அனுமதியில்லாமல் அச்சிட்டு வெளியிடுவதற்குத் தடை போடுகிறது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். அதனால 'அக்காவுக்குத் தீர்ப்பு வந்துடுச்சு'ன்னு பேப்பரைப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க!

வழக்கில் இல்லாத மூன்றாம் நபர் நகல் கேட்டால், ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, நீதிபதி அனுமதி வாங்கணும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும், அப்பா-அம்மா விவாகரத்து வழக்கில் நீங்க மூன்றாம் நபர்தான். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஜீவனாம்ச வழக்கில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கலாம். குழந்தையையும் 'இரண்டாம் மனுதாரர்' என்று சேர்ப்பது வழக்கம். சம்மனை உற்றுப் பாருங்க, உங்க பெயரே இருக்கலாம்!

'தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா பத்து ரூபாயில வேலை முடிஞ்சிடுமே?' என்று கேட்பீங்க. முடியாது. 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர்நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வழக்குக் கோப்புகளின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும், தகவல் உரிமை மனு அதற்கு வழி இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகத் தன் நீதித்துறைப் பயணத்தைத் தொடங்கிய நீதிபதி ஆர்.பானுமதி.

பத்திரத்துல எழுதிக்கிட்டோமே, போதாதா?

ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஸ்டாம்ப் பேப்பரில் 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கதை நம்ம பக்கத்துல நிறைய. வழக்கப்படி அத்துவிடும் உரிமை உள்ள சமூகங்களுக்கு இந்து திருமணச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் அந்த வழக்கம் இருக்கிறது என்று நிரூபிக்கணும். மற்றவர்களுக்கு அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. அதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை. முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஒரு தகவல். காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றங்களும் அதிகாரிகளும் அதை ஆதாரமாக ஏற்க வேண்டியதில்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாத்துக்கும் டிக்ரி தேவை என்றும் நினைச்சுடாதீங்க. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரில் வெளியுறவுத் துறை விதிகளைத் தளர்த்தியது. பிரிந்தவர்கள், விவாகரத்தானவர்கள் துணையின் பெயரையோ தீர்ப்பாணையையோ தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா இருவரில் ஒருவர் பெயர் போதும். 'டிக்ரி இல்லாம ஆகாது, ஆயிரம் ரூபா கொடு'ன்னு எந்த புரோக்கராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் கேட்க 15100.

ஒரு கடைசி வேலை. நகல் வாங்கியாச்சுன்னா, வழக்கில் கொடுத்த ஒரிஜினல் பேப்பர்களையும் கேளுங்க. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை ரசீது எல்லாம் கோப்புக்குள்ளேயே தூங்கிட்டு இருக்கலாம். மேல்முறையீட்டுக் கெடு முடிஞ்ச பிறகு மனு போட்டுத் திரும்ப வாங்கலாம். கோர்ட் பழைய காகிதங்களை என்றைக்கும் வெச்சிருக்காது. கெடு தாண்டியதை அழிப்பதற்கென்றே 1917-லிருந்து ஒரு சட்டம் இருக்கு.

இந்த செமஸ்டர் லீவுல ஒரு நாள் அம்மாகிட்ட, அத்தைகிட்ட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட மெதுவா கேட்டுப் பாருங்க. முகம் சுருங்கினா விட்டுட்டு, இன்னொரு நாள் கேளுங்க. வழக்கு எண்ணை மட்டுமாவது ஒரு நோட்டுல எழுதி வாங்கிடுங்க. கடலூர் பஸ்ஸுக்கு பண்ருட்டியில மாறணும். காலையிலேயே கிளம்பிடுங்க!